டூ-நைன்ட்டியில் கவிழ்ந்த பிரெஞ்சு ராஜா

ஹூஸ்டனை ஒட்டிய பேர்லேண்டில் உப்புத் தீர்ந்துபோனால் பத்ருன்னிசா வீட்டுக்குப் போகலாம். ஆனால் அடுப்பை அணைத்துவிட்டுப் போக வேண்டும். ஒரு கிண்ணம் உப்புக் கிடைக்கும். கூடவே, அந்தக் காலத்துப் பிரான்சில் உப்புக்கு வரி போட்டு ஏழைகளை எப்படிப் பிழிந்தார்கள் என்ற கதையும் கிடைக்கும். உப்போடு திரும்பி வருவதற்குள் குழம்பு ஆறிவிடும்.

பத்ருன்னிசா பிறந்தது காரைக்காலில். பிரெஞ்சுக்காரர்கள் மூட்டை கட்டிப் போன பிறகும் அந்த ஊர் ஜூலை பதினான்கை விட்டுவிடவில்லை. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்கியவர்கள் மெடல்களைக் குத்திக்கொண்டு ஊர்வலம் போவார்கள். பிள்ளைகளுக்கு மிட்டாய் தருவார்கள். ஏழு வயதுப் பத்ருன்னிசா மெடல் குத்திய ஒருவரிடம் இது எதற்கு என்று கேட்டாள். "பாஸ்டில் ஜெயிலை இடிச்ச நாள் பாப்பா." யார் இடித்தார்கள், ஏன் இடித்தார்கள், உள்ளே யார் இருந்தார்கள் என்று அவள் அடுக்கவே, அவர் இன்னொரு மிட்டாயைக் கொடுத்து நகர்ந்துவிட்டார். மிட்டாய் தீர்ந்தது, கேள்வி தீரவில்லை. அந்தக் கேள்விதான் அவளை வரலாற்றில் எம்.ஏ. வரை இழுத்துக்கொண்டு போனது.

கல்யாணமாகி, கணவர் ஷம்சுதீனுக்கு ஹூஸ்டன் பக்கம் கெமிக்கல் பிளான்ட்டில் வேலை கிடைத்து, கைக்குழந்தையாக இருந்த மகள் தஹ்ஸீனோடு டெக்சஸ் வந்தார்கள். விசா, கிரீன் கார்டு என்று காத்திருந்து, பரீட்சையில் தேறி, பத்ருன்னிசா ஒரு ஹைஸ்கூலில் உலக வரலாறு டீச்சரானார். அங்கேதான் சங்கடம் ஆரம்பித்தது. பாடத்திட்டம் பிரெஞ்சுப் புரட்சிக்கு நான்கே நாள் ஒதுக்கியிருந்தது. முதல் நாள் கஜானா காலியாகும். இரண்டாம் நாள் பாஸ்டில் விழும். மூன்றாம் நாள் ஃபயர் டிரில் வரும். நான்காம் நாள் ராஜாவின் தலை போய்விடும். தலைமுறை தலைமுறையாக ராஜா முன்னால் மண்டியிட்டிருந்த ஜனங்கள், ராஜா இல்லாமலும் பொழுது விடியும் என்று எப்படித் தெரிந்துகொண்டார்கள் என்பதுதான் கதையின் உயிர். அதைச் சொல்ல மட்டும் நேரம் இருக்காது.

வீட்டில் சொல்லலாம் என்றால், ஷம்சுதீன் பாஸ்டில் விழுவதற்கு முன்பே சோஃபாவில் விழுந்துவிடுவார். பதினைந்து வயது தஹ்ஸீனுக்குத் தமிழ் நன்றாகப் புரியும். பதில் மட்டும் இங்கிலீஷில் வரும். "ம்மா, ஐ நோ. தே கட் ஹிஸ் ஹெட்." அதோடு அந்த வீட்டில் புரட்சி முடிந்தது.

இரண்டாயிரத்து ஐந்து செப்டம்பரில் ரீட்டா என்ற புயல் வளைகுடாவில் வந்து நின்றது. மூன்று வாரத்துக்கு முன்தான் கத்ரீனா நியூ ஆர்லியன்ஸை மூழ்கடித்திருந்தது. அதை டிவியில் பார்த்த கண்கள் இன்னும் மூடவில்லை. கடற்கரையோரத்தார் கிளம்புங்கள் என்றது அரசாங்கம். கடற்கரை எந்தத் திக்கில் இருக்கிறது என்று தெரியாதவர்கள்கூடக் கிளம்பிவிட்டார்கள். பள்ளிக்கூடங்களை மூடினார்கள். ஷம்சுதீனைப் பிளான்ட்டிலேயே தங்கச் சொல்லிவிட்டார்கள். எந்தப் புயல் வந்தாலும் யாராவது நான்கு பேர் அங்கே வால்வுகளைப் பார்த்துக்கொள்ள வேண்டும். "நீங்க ரவுண்ட் ராக் போயிடுங்க. ஆதிஃப் வீட்டுல இருங்க" என்று போனில் சொன்னார். ஆதிஃப் பத்ருன்னிசாவின் தம்பி. ரவுண்ட் ராக் சாதாரண நாளில் மூன்று மணி நேரப் பயணம்.

பக்கத்து வீட்டு யாழ்ப்பாணத் தம்பதியையும் கூட்டிக்கொண்டு போக வேண்டியிருந்தது. அவர்களுடைய கார் மெக்கானிக்கிடம் இருந்தது; மெக்கானிக் ஊரில் இல்லை. செல்வராஜா இலங்கையில் நில அளவை இலாகாவில் சேவேயராக இருந்து ஓய்வு பெற்றவர். மேப் என்று ஒன்று இருந்தால் அது தன் கையில்தான் இருக்க வேண்டும் என்பது அவர் கொள்கை. மனைவி ஜெயமலருக்கு அப்படிக் கொள்கை எதுவும் கிடையாது. காரியம் நடந்தால் போதும்.

வியாழக்கிழமை காலையில் பத்ருன்னிசா மினிவேனை அவர்கள் வாசலில் நிறுத்தியபோது, ஜெயமலர் ஒரு சின்னத் தோள்பையோடு நின்றார். செல்வராஜா ஒரு பெரிய டிவியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றார். அந்தக் காலத்து டிவி. பின்பக்கம் யானை மத்தகம் மாதிரி புடைத்திருக்கும்.

"இது மகன் அனுஷன் அனுப்பினது, ரீச்சர். இதை விட்டிட்டு நான் வரமாட்டன்."

"அப்ப நீங்கள் இருங்கோ. நான் போட்டு வாறன்" என்றார் ஜெயமலர்.

பத்ருன்னிசா அவருடைய பையைப் பார்த்தார். "இவ்ளோதானாக்கா?"

"பாஸ்போர்ட், மருந்து, டோர்ச், இடியப்பம், சம்பல். யாழ்ப்பாணத்திலை சண்டைக்குப் பயந்து ஒரே நாளிலை ஊரே வெளிக்கிட்டது, தங்கச்சி. அண்டைக்குப் படிச்சது. தூக்கிக்கொண்டு நடக்கேலாத சாமானை எடுக்கக் கூடாது."

கடைசியில் டிவி ஏறியது. நடு சீட்டில் ஜன்னலோரம் அதற்கு இடம் கொடுத்து, பெல்ட்டும் போட்டார்கள். செல்வராஜா மேப்போடு முன்சீட்டில் உட்கார்ந்தார். ஜெயமலர் டிவிக்குப் பக்கத்தில் ஒடுங்கினார். தஹ்ஸீன் பின்னால் உம்மாவின் இரண்டு பெட்டிப் புத்தகங்களுக்கு நடுவே மறைந்துபோனாள். ஆம், பத்ருன்னிசாவும் சும்மா வரவில்லை.

டூ-நைன்ட்டி ஃப்ரீவேயில் ஏறியதும் உலகம் நின்றுவிட்டது. முன்னால் பார்த்தாலும் கார், பின்னால் பார்த்தாலும் கார். படகை இழுத்துக்கொண்டு சிலர், குதிரையை ஏற்றிக்கொண்டு சிலர். வெயில் கொளுத்தியது. பெட்ரோலை மிச்சம் பிடிக்க எல்லோரும் ஏசியை அணைத்துவிட்டுக் கண்ணாடியை இறக்கியிருந்தார்கள். வண்டிகள் ஓர் அடி நகரும், பத்து நிமிஷம் யோசிக்கும். மத்தியானம் வரை அவர்கள் போயிருந்த தூரம், மற்ற நாட்களில் பத்ருன்னிசா கொத்தமல்லி வாங்கப் போகும் தூரம்.

ரேடியோ காற்றின் வேகத்தையே திரும்பத் திரும்பச் சொன்னது. தஹ்ஸீன் நகம் கடிக்க ஆரம்பித்தாள். "பாப்பாவுக்குப் பயம் பிடிச்சிட்டுது. உந்த ரேடியோவை நிப்பாட்டிப்போட்டு ஒரு கதை சொல்லுங்கோ, தங்கச்சி" என்றார் ஜெயமலர்.

பத்ருன்னிசா ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுத்தார். எடுத்தாலும் பாதகமில்லை, வண்டி நின்றுதான் இருந்தது. வாழ்க்கையில் முதல் தடவையாக அவர் முன்னால் எழுந்து போக முடியாத சபை உட்கார்ந்திருந்தது.

"ஒரு ஊர்ல ஒரு ராஜா இருந்தாரு. பதினாறாம் லூயின்னு பேரு. கெட்டவர் இல்ல. பூட்டு செய்யறதுல கெட்டிக்காரர், வேட்டைல கெட்டிக்காரர். ராஜா வேலை மட்டும்தான் அவருக்கு வரல."

"ராசாவெண்டால் ராசாதான்" என்றார் செல்வராஜா.

"இருங்கண்ணே. அவரோட கஜானா காலி. ஏன் தெரியுமா? பிரிட்டிஷ்காரனை எதிர்த்து அமெரிக்கா சண்டை போட்டுச்சில்ல? அதுக்குக் கடன் வாங்கிக் காசு அனுப்புனது இவர்தான். வெறுமனே அதனால மட்டும் இல்ல. ஆனா அது பெரிய ஓட்டை."

செல்வராஜா நெடுக நிற்கும் அமெரிக்க வாகனங்களைப் பார்த்தார். "அமெரிக்காவுக்கு உதவி செய்து அழிஞ்சவனோ. பாவம்."

"வரி போடணும். ஆனா பணக்காரப் பிரபுக்கள்லாம் வரி கட்ட மாட்டாங்க, பாதிரிமாரும் கட்ட மாட்டாங்க. கட்டறதெல்லாம் மத்த ஜனம். அதுலயும் அந்த வருஷம் விளைச்சல் போயிடுச்சு, ரொட்டி விலை ஏறிப் போச்சு. வேற வழியில்லாம ராஜா ஒரு பெரிய சபையைக் கூட்டுனாரு. பாதிரிங்க ஒரு கூட்டம், பிரபுக்கள் ஒரு கூட்டம், மத்த எல்லாரும் ஒரே கூட்டம். அதுல ஆளுக்கு ஒரு வோட்டு கிடையாது. கூட்டத்துக்கு ஒரு வோட்டு."

பின்னாலிருந்து தஹ்ஸீனின் குரல் வந்தது. "ஸோ தே ஆல்வேஸ் லூஸ். டூ டு ஒன்."

பத்ருன்னிசா கண்ணாடியில் மகளைப் பார்த்தார். நகம் கடிப்பது நின்றிருந்தது. அவர் மேலே ஒன்றும் காட்டிக்கொள்ளாமல் கதையைத் தொடர்ந்தார். மூன்றாவது கூட்டத்தார், இனி நாங்கள்தான் நாட்டின் சபை என்று சொல்லிக்கொண்டது, ஒரு நாள் வந்து பார்த்தால் மண்டபம் பூட்டியிருந்தது, பக்கத்தில் பந்தாடுகிற கொட்டகைக்குள் போய், அரசியல் சாசனம் எழுதாமல் கலைய மாட்டோம் என்று சத்தியம் செய்தது எல்லாம் வந்தது. பிறகு பாஸ்டில் வந்தது. கோட்டைக்குள் வெடிமருந்து இருக்கிறது என்று ஜனங்கள் போனார்கள். உள்ளே கைதிகள் ஏழே பேர். அன்றைக்கு ராஜா வேட்டையில் ஒன்றும் கிடைக்காததால், டைரியில் 'ஒன்றுமில்லை' என்று எழுதிவிட்டுப் படுத்தார்.

காரைக்கால் பென்ஷன்காரர் சொல்லாத பதில் அது. சொல்லி முடித்ததும் பத்ருன்னிசா ஒரு மடக்குத் தண்ணீர் குடித்துக்கொண்டார்.

பக்கத்து லேனில் ஒரு பழைய பிக்கப் டிரக் காலையிலிருந்து அவர்களோடு ஜோடி சேர்ந்து ஊர்ந்துகொண்டிருந்தது. ஓட்டியவன் ஏர்ல் என்ற தடித்த ஆள். பக்கத்தில் எண்பது வயதுத் தாய் டோரத்தி. பின்னால் இரண்டு நாய்கள். இவ்வளவு நேரமாக மினிவேன் ஓட்டும் அம்மாள் கையை ஆட்டி ஆட்டி என்னதான் சொல்கிறார் என்று ஏர்ல் கேட்டான். தஹ்ஸீன் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, பாஸ்டில் வரைக்கும் இங்கிலீஷில் மூச்சுவிடாமல் சொன்னாள். உப்பு வரியைக்கூட விடவில்லை. இதையெல்லாம் இவள் எப்போது கேட்டாள் என்று பத்ருன்னிசாவுக்கு ஆச்சரியமாக இருந்தது. சோஃபாவில் காதில் ஒயரை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த காலத்தில் ஒரு காது திறந்துதான் இருந்திருக்கிறது.

இடியப்பமும் சம்பலும் ஜன்னல் தாண்டிப் போயின. ஏர்லிடமிருந்து ஐஸ் பெட்டியும் தர்பூசணியும் வந்தன. இயற்கையின் அழைப்புக்குத்தான் வழியில்லாமல் இருந்தது. ஜெயமலர் இறங்கி, சாலையோரப் புதர் முன்னால் ஒரு பெட்ஷீட்டைக் கட்டினார். அரை மைல் தூரத்துப் பெண்கள் எல்லாம் வரிசையில் வந்து நின்றார்கள். ஜெயமலர் அந்த வரிசையைப் பள்ளிக்கூடத்துப் பிரின்சிபால் மாதிரி நடத்தினார். இங்கிலீஷ் அதிகம் வேண்டியிருக்கவில்லை.

அவர் திரும்பி வந்ததும் பத்ருன்னிசா பெண்கள் கதைக்குத் தாவினார். "அக்டோபர் மாசம். மழை. பாரிஸ்ல ரொட்டி இல்ல. மார்க்கெட்ல மீன் விக்கிற பொம்பளைங்க ஆயிரக்கணக்குல ராஜா அரண்மனைக்கு நடந்தே கிளம்பிட்டாங்க."

"பாணுக்கோ நடந்தவை?"

"பாணுக்குத்தான், ரொட்டிக்குத்தான். அங்க போய் ராஜாவை, ராணியை, பிள்ளைங்களை எல்லாம் வண்டில ஏத்தி, மாவு மூட்டையோட பாரிஸுக்குக் கூட்டிட்டு வந்துட்டாங்க. ரொட்டிக்காரனைப் புடிச்சாச்சுன்னு பாடிக்கிட்டே வந்தாங்களாம். அதுக்கப்புறம் ராஜா அந்தப் பழைய அரண்மனைக்குத் திரும்பவே இல்ல."

ஜெயமலர் முன்னால் நகராமல் நின்ற கார் வரிசையைப் பார்த்தார். அப்புறம், "அவை எங்களைவிடக் கெதியாய்ப் போயிருக்கினம், என்ன?" என்றார்.

வெயில் மேற்கே இறங்கத் தொடங்கியபோது கதையில் ராஜா ஓடத் தயாராகிவிட்டார். "பாரிஸ்ல கைதி மாதிரி இருக்க முடியாம, ராத்திரியோட ராத்திரியா எல்லைக்கு ஓடிடலாம்னு பிளான். வேஷம் போட்டுக்கிட்டாங்க. பிள்ளைங்களைப் பாத்துக்கிற அம்மாவுக்குச் சீமாட்டி வேஷம், ராஜாவுக்கு அவங்களோட வேலைக்காரன் வேஷம். சின்ன வண்டி ரெண்டு எடுத்தா சீக்கிரம் போயிருக்கலாம். எல்லாரும் ஒரே வண்டில போகணும்னுட்டாங்க. பெரிய வண்டி. உள்ள வெள்ளிப் பாத்திரம், வைன் பாட்டில், புதுத் துணி, சமையல் சாமான். வண்டி நகரவே இல்ல. நடுவுல குதிரைக் கயிறு வேற அறுந்து போச்சு. காத்திருந்த படைவீரர்கள் ராஜா வரமாட்டார்னு போயிட்டாங்க."

ஜெயமலர் மெல்லத் தலையைத் திருப்பி டிவியைப் பார்த்தார். தஹ்ஸீன் டிவியைப் பார்த்தாள். செல்வராஜா மேப்பைப் பார்த்தார்.

"உதுக்கு ஏன் என்னைப் பாக்கிறியள்?" என்றார்.

"ஒருத்தரும் உங்களைப் பாக்கேல்லை. ரீவியைத்தான் பாக்கிறம்."

"வழில ஒரு ஆள் ராஜாவை அடையாளம் கண்டுபிடிச்சுட்டான்" என்று பத்ருன்னிசா காப்பாற்றினார். "பணத்துல அச்சடிச்ச மூஞ்சியைப் பாத்துத்தான் கண்டுபிடிச்சான்னு சொல்வாங்க. வாரேன்னு ஒரு சின்ன ஊரு. அங்க மறிச்சு, ஒரு மளிகைக் கடைக்காரர் வீட்டு மாடில உக்கார வெச்சுட்டாங்க. ராஜா பசியில ரொட்டியும் சீஸும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டாரு. மறுநாள் பாரிஸுக்குத் திரும்பற வழியெல்லாம் ஜனம். பழைய காலத்துல ராஜா வந்தா தொப்பியை எடுக்கணும். அன்னிக்குத் தொப்பியை எடுக்காதீங்கன்னு சொல்லி வெச்சிருந்தாங்க. அத்தனை பேரும் தொப்பியோட பேசாம நின்னாங்க. அதுக்கு முன்னால, ராஜா ஓடிட்டாருன்னு காலைல தெரிஞ்சப்ப பாரிஸ் பயந்துதான் போச்சு. ஆனா ரொட்டிக்கடை திறந்துச்சு, கோழி கூவுச்சு, சபை கூடுச்சு. அட, ராஜா இல்லாமலும் நாள் ஓடுதேன்னு அன்னிக்குத்தான் ஜனத்துக்குப் பட்டுச்சு."

இந்த இடத்தில்தான் ஏர்லின் டிரக் கனைத்துவிட்டு நின்றது. பெட்ரோல் தீர்ந்துபோயிற்று. நாலைந்து பேர் சேர்ந்து தள்ளி ஓரம் கட்டினார்கள். டோரத்தி அம்மாளின் முகம் வெயிலில் செக்கச்செவேல் என்று இருந்தது. உதடு உலர்ந்திருந்தது. ஏர்ல் தொப்பியால் தாய்க்கு விசிறிக்கொண்டே நின்றான்.

பத்ருன்னிசா வேனுக்குள் இருந்த இடத்தைக் கண்ணால் அளந்தார். அதற்குள் செல்வராஜா இறங்கியிருந்தார். நடு சீட்டுக் கதவைத் திறந்து, டிவியின் பெல்ட்டை அவிழ்த்தார். "பிடியும்" என்றார் ஏர்லைப் பார்த்து, தமிழில். இருவரும் சேர்ந்து தூக்கி டிரக்கின் பின்னால் நாய்களுக்குப் பக்கத்தில் வைத்தார்கள். டோரத்தி அம்மாள் அந்தச் சீட்டில் உட்கார, பத்ருன்னிசா ஏசியைப் போட்டார். ஏர்ல் டிரக்குக்கும் நாய்களுக்கும் காவலாக அங்கேயே நின்றுகொண்டான். அந்த டிவிக்கு என்ன ஆயிற்று என்ற கவலையை இங்கேயே தீர்த்துவிடலாம். ஏர்ல் இரண்டு வாரம் கழித்து அதைத் துடைத்து, பேர்லேண்டில் கொண்டுவந்து இறக்கினான். நாய் முடி மட்டும் கொஞ்சம் ஒட்டியிருந்தது.

"நல்ல வேலை செய்தியள்" என்று ஜெயமலர் கணவரிடம் சொன்னார். கல்யாணமான இத்தனை வருஷத்தில் இது இரண்டாம் தடவையோ மூன்றாம் தடவையோ.

ஏசி போட்டதில் பெட்ரோல் முள் வேகமாக இறங்கியது. அடுத்துக் கண்ணில் பட்ட எக்சிட்டில் இறங்கி, பண்ணைச் சாலை ஒன்றைப் பிடிக்கலாம் என்றாள் தஹ்ஸீன். டோரத்தி அம்மாளும் அந்தச் சாலை தனக்குத் தெரியும் என்றார். செல்வராஜா மேப்பைத் தட்டினார்.

"மெயின் ரோட்டை விடப்படாது. நான் சேவேயர். நான் சொல்லுறன்."

"வோட்டுப் போடலாம்" என்றாள் தஹ்ஸீன். அதைத் தமிழிலேயே சொன்னாள்.

செல்வராஜா கொஞ்சம் யோசித்தார். "சரி. குடும்பத்துக்கு ஒரு வோட்டு. உங்கடை குடும்பத்துக்கு ஒண்டு, எங்கடை குடும்பத்துக்கு நான் ஒண்டு."

"நோ வே, அங்கிள். ஆளுக்கு ஒரு வோட்டு."

ஜெயமலர் சீட்டில் நிமிர்ந்து உட்கார்ந்தார். "அதுதானே. என்ரை வோட்டை நீங்கள் ஏன் போடுறியள்?"

"அப்ப இந்த அம்மாவுக்கும் வோட்டோ? இவ இப்பத்தானே ஏறினவ."

"நாமளும் இந்த நாட்டுல இப்பதான் ஏறுனோம், அண்ணே" என்றார் பத்ருன்னிசா.

நாலு கை பண்ணைச் சாலைக்கு உயர்ந்தது, ஒரு கை ஃப்ரீவேக்கு. கையை இறக்கியபோதுதான் பத்ருன்னிசாவுக்குத் தோன்றியது, அமெரிக்கா வந்த இத்தனை வருஷத்தில் தான் போட்ட முதல் வோட்டு இதுதான் என்று. கிரீன் கார்டுக்கு வோட்டுக் கிடையாது. அவருக்கு உள்ளுக்குள் ஜிலீர் என்றது. அது ஏசியால்தானோ என்னவோ.

பெரும்பான்மை தேர்ந்தெடுத்த சாலை கொஞ்ச தூரம் ஜோராக ஓடியது. கண்ணுக்கு எட்டிய வரை ஒரு வண்டி இல்லை. தஹ்ஸீன் கைதட்டினாள். பிறகு அந்தச் சாலை ஓர் இரும்பு வாயிற்கதவில் போய் முட்டிக்கொண்டு நின்றது. கதவுக்குப் பின்னால் பத்திருபது மாடுகள் நின்று இவர்களைப் பார்த்தன. தான் சிறுமியாக இருந்தபோது இந்தச் சாலை நேராகப் போகும் என்றார் டோரத்தி அம்மாள்.

செல்வராஜா மேப்பை நிதானமாக மடித்து மடியில் வைத்தார். அவர் அனுபவித்துக்கொண்டிருந்தார். பிறகு, "உங்கடை சனங்களுக்கும் உப்பிடித்தானே நடந்திருக்கும், ரீச்சர்?" என்றார்.

"இதைவிட மோசமா நடந்துச்சு, அண்ணே" என்று பத்ருன்னிசா ஒப்புக்கொண்டார்.

மறுபடியும் வோட்டு எடுத்தார்கள். இந்த முறை பிரேரணையைக் கொண்டுவந்தவர் ஜெயமலர். மேப் பார்த்து வழி சொல்ல செல்வராஜாவை நியமிக்கலாம் என்றார். ஐந்து கையும் உயர்ந்தன. செல்வராஜாவும் தனக்கே போட்டுக்கொண்டார். அவருடைய குரலே மாறிவிட்டது. அதுவரை உத்தரவு போட்டவர் இப்போது, "இதிலை வலது பக்கம் எடுத்தால் நல்லதெண்டு நினைக்கிறன், சரியோ?" என்று ஒவ்வொரு முக்கிலும் கேட்டார். மேப்பில் நூல் மாதிரி இருந்த சாலைகளில் வளைத்து வளைத்து, பொழுது சாய்வதற்குள் ஒரு சிற்றூருக்குக் கொண்டுபோய் சேர்த்துவிட்டார். அங்கே பள்ளிக்கூட கஃபெட்டீரியாவைத் திறந்து, போகிறவர் வருகிறவருக்கெல்லாம் பீன்ஸும் சோள ரொட்டியும் போட்டுக்கொண்டிருந்தார்கள். ஏர்லுக்குப் பெட்ரோல் கொண்டுபோக ஒரு தீயணைப்பு வண்டிக்காரர் முன்வந்தார்.

டோரத்தி அம்மாளுக்கு நர்ஸ் ஒருத்தி கால் வீக்கத்தைப் பார்த்துக்கொண்டிருக்கையில், ஜெயமலர் கேட்டார்: "ராசா பிடிபட்டிட்டார். பிறகு?"

பத்ருன்னிசா சோள ரொட்டியைக் கீழே வைத்தார். வகுப்பில் அவர் ஒருபோதும் வந்து சேராத இடம் இது.

"பிடிபட்டதும் உடனே ஒண்ணும் நடக்கல. சாசனத்துக்குக் கட்டுப்படறேன்னு ராஜா சத்தியம் பண்ணாரு. நம்பவும் முடியல, விடவும் முடியல. ஒரு வருஷம் அப்படியே இழுத்துச்சு. நடுவுல வெளிநாட்டோட யுத்தம் வந்துச்சு. ராஜா எதிரிக்குத்தான் உதவி பண்றாருன்னு ஜனத்துக்குச் சந்தேகம். ஆகஸ்ட் மாசம் அரண்மனைக்குள்ள புகுந்துட்டாங்க. அன்னிக்கு ரெண்டு பக்கமும் நிறையப் பேர் செத்தாங்க. ராஜா குடும்பத்தோட சட்டசபைக்கு ஓடி வந்து, பேச்சை எழுதிக்கிறவங்க உக்கார்ற ஒரு சின்னக் கூண்டுக்குள்ள உக்காந்திருந்தாரு. அவர் காது கேக்கவே அவரை என்ன செய்யலாம்னு பேசுனாங்க. அப்புறம் தேர்தல் வெச்சுப் புதுச் சபை வந்துச்சு."

"பொம்பிளையளுக்கும் வோட்டோ?"

"இல்லக்கா."

"பாணுக்கு நடந்தது ஆர்?" ஜெயமலர் தட்டைத் தள்ளி வைத்துவிட்டார். அந்தச் சபையின் மீது அவருக்கு இருந்த மரியாதை அங்கேயே போயிற்று.

"அந்தச் சபைதான் கூடுன உடனே, இனிமே பிரான்ஸுக்கு ராஜாவே கிடையாதுன்னு முடிவு பண்ணுச்சு. எதிர்த்து ஒரு வோட்டுக்கூட இல்ல. செப்டம்பர் இருபத்தி ஒண்ணு. மறுநாள்லேர்ந்து குடியரசோட முதல் வருஷம்னு எழுதச் சொல்லிட்டாங்க."

தஹ்ஸீன் செல்போனை எடுத்துப் பார்த்தாள். "ம்மா. டுடே இஸ் ட்வென்டி செகண்ட்."

பத்ருன்னிசா அவளிடமிருந்து போனை வாங்கித் தானும் ஒரு தடவை பார்த்தார். வருஷா வருஷம் போர்டில் அந்தத் தேதியை எழுதிய கைதான். புயல் அவசரத்தில் அவருக்கே மறந்துபோயிருந்தது. சிரிப்பு வந்தது. "அப்போ ரிபப்ளிக்குக்கு ஹேப்பி பர்த்டே" என்று தஹ்ஸீன் தன் பங்குப் புட்டிங்கைத் தாயின் பக்கம் நகர்த்தினாள்.

"அதோடை முடிஞ்சுதோ?" என்றார் செல்வராஜா.

"எங்க முடிஞ்சுது. ராஜா தலை போச்சு. அப்புறம் குடியரசுக்காரங்களே ஒருத்தர் தலையை ஒருத்தர் எடுத்தாங்க. அப்புறம் ஒரு தளபதி வந்து சக்கரவர்த்தி ஆயிட்டாரு. அவர் போனதும் பழைய ராஜா குடும்பமே திரும்ப வந்துடுச்சு."

செல்வராஜாவின் முகம் மலர்ந்தது. "பாத்தியளோ. நான் அப்பவே சொன்னனான்."

"அவங்களையும் துரத்துனாங்க. மறுபடி குடியரசு, மறுபடி ஒரு சக்கரவர்த்தி. கிட்டத்தட்ட எண்பது வருஷம் கழிச்சுத்தான் ராஜா இல்லாத நாடுன்னு நிலைச்சுது."

"எண்பது வருசமோ" என்று ஜெயமலர் வாசல் பக்கம் பார்த்தார். தொலைவில் ஃப்ரீவேயின் விளக்குகள் அப்படியே நின்றிருந்தன. "அப்ப எங்கடை பாடு பரவாயில்லை."

ஏர்ல் வந்து தாயைக் கூட்டிக்கொண்டதும், மறுநாள் அவர்கள் ரவுண்ட் ராக் போய்ச் சேர்ந்தார்கள். ரீட்டா கடைசி நேரத்தில் கிழக்கே திரும்பி லூசியானா எல்லையில் போய் வேறு யாருடைய வீடுகளையோ சாய்த்தது. பேர்லேண்டில் ஒரு வேலி மட்டும் சாய்ந்திருந்தது. பிளான்ட்டிலிருந்து ஷம்சுதீன் போன் செய்தார். ஏசி நன்றாக வேலை செய்தது, நன்றாகத் தூங்கினேன் என்றார். ஃப்ரீவேயில் வெயில் தாங்காமல் இறந்துபோனவர்களைப் பற்றிச் செய்தியில் சொன்னபோது, பத்ருன்னிசா டோரத்தி அம்மாளுக்குப் போன் செய்து நலம் விசாரித்தார். அதுமுதல் இருவரும் அடிக்கடி பேசிக்கொண்டார்கள்.

பாடத்திட்டம் மாறவில்லை. இன்றும் நான்கு நாள்தான். ஆனால் பத்ருன்னிசா மாறினார். ஃபயர் டிரில் மணி அடித்தால் பிள்ளைகளை மைதானத்துக்குக் கூட்டிக்கொண்டு போய், அங்கே வரிசையில் நிற்க வைத்தே ராஜாவை வாரேனுக்கு ஓடவிட்டார். ஜெயமலர் சனிக்கிழமைகளில் வந்து, பிறகு எந்த நாட்டில் என்ன நடந்தது என்று கேட்டு உட்கார்ந்தார். ரஷ்யாவுக்குப் போவதற்கே ஒரு குளிர்காலம் பிடித்தது. செல்வராஜா கூடவே வந்து, விழுகிற ஒவ்வொரு ராஜாவுக்கும் உச்சுக்கொட்டினார்.

இரண்டாயிரத்து எட்டில் பத்ருன்னிசாவுக்கு அமெரிக்கக் குடியுரிமை கிடைத்தது. ஹூஸ்டனில் ஒரு பெரிய மண்டபம். நூற்றுக்கணக்கானவர்கள் வலது கையை உயர்த்தி நின்றார்கள். கல்லூரிக்குப் போயிருந்த தஹ்ஸீனும், கோட் போட்ட ஷம்சுதீனும், பக்கத்து வீட்டு இருவரும் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். அதிகாரி உறுதிமொழியை வாசிக்க வாசிக்க எல்லோரும் திருப்பிச் சொன்னார்கள். வெளிநாட்டு இளவரசர், மன்னர் எவருக்கும் இனி நான் விசுவாசமாக இருக்க மாட்டேன் என்ற வரி வந்தது. உறுதிமொழியில் அப்படி ஒரு வரி இருப்பது பத்ருன்னிசாவுக்குத் தெரியும், மனப்பாடமாகவே தெரியும். இருந்தாலும் அந்த வரியை வாய் திறந்து சொன்னபோது அவருக்குப் பொங்கிக்கொண்டு சிரிப்பு வந்துவிட்டது. பக்கத்தில் நின்ற மெக்சிகோக்காரர் திரும்பிப் பார்த்தார். பத்ருன்னிசா உதட்டைக் கடித்துக்கொண்டு, மீதி வரிகளைக் கணீரென்று சொல்லி முடித்தார்.

வெளியே வந்ததும் ஷம்சுதீன் கேட்டார், "ஏன் சிரிச்சே?"

"அது பெரிய கதைங்க. வண்டில போகும்போது சொல்றேன்."

ஷம்சுதீன் கார் சாவியை எடுத்துத் தஹ்ஸீனிடம் நீட்டினார். "நீ ஓட்டும்மா. நான் பின்னாடி உக்காந்துக்கறேன்."